222-இலேயே விடுவதா, 333-க்கு ஏற்றுவதா?

கானாடுகாத்தான் வளவு:
முன்னோருக்குப் படையல் இடும் படைப்புக்காக ஊருக்கு வந்த இடத்தில், பரணில் கிடந்த என் பழைய பிஎஸ்பி, சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி, கைக்கு வந்தது. 1000 மாடல், அப்பச்சி சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. நிண்டெண்டோவின் கேம் பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளுக்காக, அந்தக் கருவியைப்போலவே நடந்துகொள்ளும் ஜிபிஎஸ்பி எமுலேட்டர் மென்பொருளை ஏற்றினேன். பேட்டரி நீடிக்கட்டுமே என்று மெனுவில் சிப்பின் வேகத்தை 222 மெகாஹெர்ட்ஸ் வைத்தால் பாட்டு இழுக்கிறது, எதிரிகள் நாலு பேர் சேர்ந்து வந்தால் படம் திக்குகிறது. 333 வைத்ததும் சீராகிவிட்டது. ஒரே ஒரு விளையாட்டு மட்டும், புது அறைக்குள் நுழையும்போதெல்லாம் அரை நொடி உறைந்து நிற்கிறது.

ஓவர்கிளாக் செய்தால், அதாவது சிப்பை அதன் வரம்பு தாண்டி ஓட்டினால், கருவி செத்துவிடும் என்று மச்சான் பயமுறுத்துகிறான். 333 வைப்பதில் தவறே இல்லை என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

கல்லுக்கட்டி பழுதுகடை:
மறுக்கிறேன் தம்பி. சிப்புக்கு ஒன்றும் ஆகாது, அதை விடுங்கள். உள்ளே இருக்கும் பேட்டரிக்கு எத்தனை வயது? மே மாத வெயிலில், ஓட்டுக்கூரைக்கு அடியில் பரணில் எத்தனை கோடை வெந்திருக்கும்? லித்தியம் பேட்டரிக்கு வெப்பம் ஆகாது என்பதற்கு நான் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் நம் காரைக்குடியிலேயே நிற்கிறது, அங்கே வேலை பார்த்த யாரையும் கேளுங்கள். இற்றுப்போன பேட்டரியிடம் கூடுதல் மின்சாரம் கேட்பது, கிழட்டு மாட்டை மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிடுகிற கதை.

தேவகோட்டை ரஸ்தா:
முதலில் இதற்கு ஓவர்கிளாக் என்ற பெயரே பொருந்தாது. பிஎஸ்பியின் சிப் 333 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும்படி வடிவமைக்கப்பட்டதுதான். விளையாட்டுகள் 222-ஐத் தாண்டக் கூடாது என்று சோனிதான் கடிவாளம் போட்டிருந்தது. 2007-இல் கருவியின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரின் 3.50 பதிப்போடு அந்தக் கடிவாளத்தையும் அவர்களே அவிழ்த்துவிட்டார்கள். தயாரித்தவனே அனுமதித்த வேகத்தில் ஓட்டுவதற்கு எதற்கு இத்தனை நடுக்கம்?

பேட்டரிக் கணக்கும் மிகையானது. மின்னழுத்தம் மாறாவிட்டால், வேகம் ஒன்றரை மடங்கு ஆகும்போது சிப்பின் வேலைக்கான செலவும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகும், சரி. ஆனால் திரையின் பின்விளக்குக்கு அந்தக் கணக்கு கிடையாது. வெளிச்சத்தை ஒரு படி குறைத்தால் ஏற்றிய செலவில் ஒரு பங்கு திரும்பிவிடும்.

கல்லுக்கட்டி பழுதுகடை:
சோனி அனுமதித்தது புதுப் பேட்டரியை நம்பி. தம்பி கையில் இருப்பது அதுவா?

வளவுத் தம்பி, ஒன்று செய்யுங்கள். பேட்டரியைக் கழற்றி, உங்கள் வீட்டு ஆத்தங்குடிக் கல் தரையில் மட்டமாக வைத்து விரலால் சுண்டுங்கள். அதைவிட வழவழப்பான தரை வேறு எங்கும் கிடைக்காது. நல்ல பேட்டரி கொஞ்சம் நகர்ந்து நின்றுவிடும். வயிறு புடைத்த பேட்டரி பம்பரம்போலச் சுற்றும். சுற்றினால் குத்தாதீர்கள், அமுக்காதீர்கள், சார்ஜும் போடாதீர்கள்.

கானாடுகாத்தான் வளவு:
சுண்டினேன். மூன்று சுற்று சுற்றியது. சீப்புச்சீடை தின்றுகொண்டிருந்த பிள்ளைகள் இன்னொரு முறை சுற்றச் சொல்லிக் கை தட்டினார்கள். பேட்டரியை முற்றத்துக்கு அப்பால் தனியாக வைத்துவிட்டேன். பின்மூடி சில நாளாகவே சரியாகப் பொருந்தவில்லை. பிளாஸ்டிக் வளைந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

பேட்டரி விஷயத்தில் தோற்றுவிட்டேன். 333 விஷயத்தில் இல்லை. அதைப் புடைக்க வைத்தது நேற்று நான் ஏற்றிய வேகமா, இத்தனை வருடப் பரணா?

கல்லுக்கட்டி பழுதுகடை:
பரண்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நிலையில் இருந்ததிடம் போய் 333 கேட்டீர்களே!

தேவகோட்டை ரஸ்தா:
அந்த ஒரு விளையாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. அதன் கோப்பு 32 மெகாபைட்டா என்று பாருங்கள். கேம் பாய் அட்வான்ஸில் செருகும் விளையாட்டு அட்டையான கேட்ரிட்ஜில் பொதுவாக அதுதான் உச்ச அளவு. உங்கள் 1000 மாடலின் மொத்த நினைவகமே 32 மெகாபைட். அதிலும் 8 மெகாபைட் கருவியின் சொந்த உபயோகத்துக்குப் போய்விடும். முழு விளையாட்டும் உள்ளே கொள்ளாததால், தேவைப்படும் துண்டை எமுலேட்டர் அவ்வப்போது, கோப்புகள் இருக்கும் சேமிப்பு அட்டையான மெமரி ஸ்டிக்கிலிருந்து எடுத்து வருகிறது. அந்த அரை நொடி அதற்குத்தான். 333 அல்ல, 3,333 வைத்தாலும் மெமரி ஸ்டிக் வேகமாக ஓடாது. 2000 மாடலில் நினைவகம் 64 மெகாபைட்.

கானாடுகாத்தான் வளவு:
32-தான். பள்ளத்தூரிலிருந்து வந்திருக்கும் பங்காளி வீட்டுப் பையனிடம் 2000 இருக்கிறது. அதே மெமரி ஸ்டிக்கைப் போட்டு, அதே 333-இல் ஓட்டினேன். எந்த அறையிலும் நிற்கவில்லை. அவன் பேட்டரியையும் தரையில் சுண்டிப் பார்த்துவிட்டேன், சுற்றவில்லை.

அவனுடைய 1200 மில்லியாம்பியர் பேட்டரியை என் 1000-இலும் போட்டுப் பார்த்தேன். வேலை செய்கிறது, ஆனால் ஒல்லியாக இருப்பதால் உள்ளே ஆடுகிறது. அசலாக வந்தது 1800. புதிதாக ஒன்று வாங்கலாம் என்றால் ஒரு கடையில் 3600 என்று ஒட்டி, பாதி விலைக்குத் தருகிறார்கள்.

கல்லுக்கட்டி பழுதுகடை:
அதே அளவுப் பெட்டிக்குள் 1800 இருந்த இடத்தில் 3600 எப்படி நுழையும்? எடை போட்டுப் பாருங்கள், பழையதைவிட லேசாக இருந்தால் தொடாதீர்கள். திங்கட்கிழமை கடைக்கு வாருங்கள். புடைத்ததை ஒரு தகர டப்பாவில் மணல் போட்டு அதில் வைத்து எடுத்து வாருங்கள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம்.