டி206 டை காப் பேஸ்பால் அட்டை: ஓரம் பிறகு வெட்டினதா, ஆலையிலேயே அகலம் குறைவா?

ஏலத்தில் எடுத்த பேஸ்பால் வீரர் டை காப்பின் அட்டை (சிகரெட் பெட்டியோடு வந்த பழைய டி206 தொடர், சிவப்புப் பின்னணி, பின்பக்கம் பீட்மாண்ட் சிகரெட் விளம்பரம், 1909–11) தர மதிப்பீட்டுக்குப் போய், 'அளவு குறைவு' என்று மதிப்பெண் இல்லாமலே திரும்பிவிட்டது. இருக்க வேண்டியது 1 7/16 × 2 5/8 அங்குலம். உயரம் சரி, அகலத்தில் 1/32 குறைகிறது.

புற ஊதா விளக்கில் பிற்காலத் தாள் போல ஒளிரவில்லை, அதனால் தாளில் சந்தேகமில்லை. 10 மடங்கு லென்ஸில் மூன்று ஓரங்கள் பழுப்பேறி மழுங்கியிருக்க, வலது ஓரம் மட்டும் புதுப் பிளேடு போட்ட மாதிரி வெளுப்பு. ஆனால் படம் நட்டநடுவில் இருக்கிறது. வெட்டியிருந்தால் வலப்பக்கம் ஒதுங்கியிருக்க வேண்டாமா? (முதலிலேயே இடப்பக்கம் ஒதுங்கியிருந்ததைச் சரிக்கட்ட வெட்டியிருக்கலாம், அதுவும் தெரியும்.) அதே பீட்மாண்ட் பின்பக்கமுள்ள நான்கு சாதாரண வீரர்களின் அட்டைகளோடு அடுக்கிப் பார்த்தேன், அதிலும் ஒன்று அளவில் குறைவு.

திருப்பித் தர வெள்ளிக்கிழமை கெடு. ஏலத்தொகைக்கு மேல் கட்டிய 20 சதவீதக் கட்டணமும் சிக்கியிருக்கிறது.

ஆலை வெட்டையும் பிந்தைய வெட்டையும் ஓரத்தின் எந்த அடையாளத்தை வைத்து உறுதியாகப் பிரிக்கலாம்?