புதுப்பிப்பு: ‘எஸ்ஏ’ முத்திரை போட்ட பழைய ராணுவ ரைபிள்

குழலில் கட்டத்துக்குள் ‘எஸ்ஏ’, பக்கத்தில் ‘விகேடி 1942’, ‘டி’ என்றெல்லாம் பொறித்த ரைபிள் எதுவென்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. விடை கிடைத்துவிட்டது.

விற்றவர் ரஷ்யத் துப்பாக்கி என்றார், பாதிதான் சரி. இது எம்39, அதாவது ரஷ்யாவின் மோசின்-நாகன்ட் ரைபிளின் ஃபின்லாந்து வகை. ‘எஸ்ஏ’ அந்நாட்டு ராணுவத்தின் சொத்து முத்திரை. ‘விகேடி’ யுவாஸ்குலாவில் இருந்த அரசு ரைபிள் ஆலை. ‘டி’ என்றால் டி166 என்ற ஃபின்லாந்து ராணுவக் குண்டுக்கேற்ப அமைத்த, தோட்டா அமரும் அறை.

கைகொடுத்தது, “மரக்கட்டையைக் கழற்றி ரிசீவரின் (குழல் பொருந்தும் உலோக உடற்பகுதி) வாலுக்கு அடியில் பாருங்கள்” என்ற யோசனைதான். கட்டையைப் பிடிக்கும் பட்டைகளை உருவி, இரண்டு திருகுகளைக் கழற்றி, இறுகிப்போன கிரீஸைத் துடைத்தால் 1896 என்ற ஆண்டு! ஜார் காலத்து ரிசீவரில் 46 ஆண்டு கழித்துப் புதுக் குழல் மாட்டியிருக்கிறார்கள். 1899க்கு முந்தைய ரிசீவர் என்பதால் இங்கே அமெரிக்க மத்திய அரசுச் சட்டப்படி இது ‘பழம்பொருள்’ கணக்கில் வருகிறதாம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அப்புறம், முன்கட்டையில் விரல் கோத்த மாதிரி ஓர் இணைப்பு இருக்கிறது, அது உடைந்து ஒட்டியதல்ல. எம்39 கட்டையை அப்படி இரண்டு துண்டாகக் கோத்துத்தான் செய்தார்கள்.