ட்ரோன் வீடியோ எடிட் பண்ணி அசிங்கப்பட்ட கதை இருந்தால் இங்கே கொட்டுங்கள்

கடைசி பெஞ்ச்

முதலில் என்னுடையதைச் சொல்லிவிடுகிறேன். அத்தை பையன் கல்யாணம், காரைக்குடி பக்கம். மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு எல்இடி திரை. முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்பை மேலிருந்து எடுத்து, ராத்திரியே செல்லில் வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து முடித்தேன். செல்லில் பார்க்க அம்சமாக இருந்தது. மறுநாள் வரவேற்பில் திரையில் ஓடவிட்டார்கள். மாப்பிள்ளை காரில் நின்று கும்பிடுகிறார், முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து சதுரம். முன்வரிசையில் ஒரு பொடியன் சத்தமாக, "மாமா, இது மைன்கிராஃப்டா?" என்று கேட்டான். மொத்தப் பந்தலும் சிரித்தது.

நான் எடிட் பண்ணியது ஆப் தானாகச் செல்லில் சேமித்து வைக்கும் 720பி கேஷ் கோப்பு, அதாவது தரம் குறைந்த தற்காலிக நகல். அசல் 4கே ட்ரோனுக்குள் இருந்த கார்டிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. 4கே, நொடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) என்றால் நிமிஷத்துக்கு 750 எம்பி வரும். என் மூன்று நிமிஷம் மொத்தமும் நூறு எம்பிகூட இல்லை. அப்போதே மண்டையில் உறைத்திருக்க வேண்டும்.

அத்தை இன்னும் அந்தக் கல்யாண வீடியோவைப் பற்றி என்னிடம் பேசுவதில்லை. பேசாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

குறுவை

என் கதை சின்னது. எங்கள் வயலை மேலிருந்து படம் எடுத்து, பெரிதாக பிரிண்ட் போட்டு அப்பாவுக்குக் கொடுத்தேன். கும்பகோணத்துக்குக் கிழக்கே, குறுவை நட்டு ஒரு மாசம் ஆன பயிர். நானும் நிறத்தை அடர்த்தியாக்கும் சாச்சுரேஷனைத் தள்ளு தள்ளென்று தள்ளி, மங்கலை நீக்கும் டீஹேஸையும் ஏற்றி, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "ஏன்டா, யூரியாவை மூட்டையோட கொட்டிட்டியா?"

நாற்பது வருஷமாகப் பயிரின் நிறத்தைப் பார்த்தே என்ன குறை என்று சொல்கிற மனுஷன். அவரிடம் போய் நிறத்தில் பொய் சொல்லியிருக்கிறேன். படம் இப்போது பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது.

பழைய நெகட்டிவ்

குறுவை தம்பி, தப்பு சாச்சுரேஷனில் இல்லை, வரிசையில். எல்லோரும் நிறத்தில் கை வைத்துத்தான் ஆரம்பிக்கிறீர்கள். நான் ஃபிலிம் காலத்து ஆள், கேட்காவிட்டாலும் சொல்வேன்.

முதலில் தொடுவானத்தை நேராக்குங்கள். காற்றில் கேமராவைத் தாங்கும் கிம்பல் ஒரு டிகிரி சாய்ந்திருந்தாலும் போதும், கடலாக இருந்தால் தண்ணீர் ஒரு பக்கம் கொட்டுகிற மாதிரி தெரியும். அடுத்து ஒயிட் பேலன்ஸ், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் அமைப்பு. இதை எடுக்கும்போதே பூட்டிவிட வேண்டும். ஆட்டோவில் விட்டால் ட்ரோன் வயலிலிருந்து ஆற்றுப் பக்கம் திரும்பும்போது ஒரே ஷாட்டுக்குள் மஞ்சள் நீலமாக மாறும். அதைச் சரிபண்ண, நிறம் மாறும் ஒவ்வொரு இடத்திலும் கீஃப்ரேம் என்ற புள்ளி போட்டே விடிந்துவிடும். அதன்பிறகு எக்ஸ்போஷர், பிறகு கான்ட்ராஸ்ட், கடைசியாக நிறம். பச்சைக்கு மொத்த சாச்சுரேஷன் ஸ்லைடரைத் தொடவே கூடாது. ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகத் திருத்தும் எச்எஸ்எல் பகுதிக்குப் போய்ப் பச்சையை மட்டும் குறையுங்கள். நெல்லின் பச்சையில் பாதி உண்மையில் மஞ்சளில்தான் உட்கார்ந்திருக்கும், மஞ்சளையும் கொஞ்சம் நகர்த்திப் பாருங்கள். டீஹேஸ் பத்தைத் தாண்டினால் நிழல் எல்லாம் கரி. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, திரை வெளிச்சத்தை முழுசாக வைத்து எடிட் பண்ணினால் மறுநாள் பிரிண்ட் இருட்டாகத்தான் வரும். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது, அதில் வெளிச்சத்தை வரைபடமாகக் காட்டும் ஸ்கோப் என்று ஒன்று இருக்கிறது. கண் ஏமாற்றும், ஸ்கோப் ஏமாற்றாது. பழைய லேப்டாப்பில் எச்.265 வகை வீடியோ திக்கித் திணறினால் ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் ஒரு லேசான நகல், போட்டுக்கொள்ளுங்கள். 4கேயில் எடுத்ததை 1080 டைம்லைனில் வைத்தால் வெட்டி நகர்த்த இடம் கிடைக்கும்.

அனுபவமா? எனக்கும் ஒன்று உண்டு. மலை அடிவார ஏரி ஒன்றுக்கு, ட்ரோனில் மைக் கிடையாதே என்று, ஏதோ தொகுப்பிலிருந்து பறவைச் சத்தம் எடுத்துப் போட்டேன். பார்த்த வனத்துறைக்காரர் ஒருவர், "சார், இந்தப் பறவை நம்ம நாட்டுலயே கிடையாது" என்றார்.

காத்தாடி 249

@பழைய நெகட்டிவ், ஐயா, வரிசை எல்லாம் சரி. எடுக்கும்போதே கெட்டுப்போனதை எந்த வரிசையும் காப்பாற்றாது.

முப்பந்தல். மலை இடுக்கில் காற்றாலைகள் வரிசையாக நிற்கிற இடம், தெரியும்தானே. உச்சி வெயில். என் ட்ரோனில் அப்பெர்ச்சர் எஃப்/2.8, மாற்ற முடியாது. ஐஎஸ்ஓ 100க்குக் கீழே போகாது. ஷட்டர் தானாக 1/3200 நொடிக்கு ஓடிவிட்டது. வீட்டில் போட்டுப் பார்த்தால் இறக்கைகள் சுற்றவில்லை, தவ்வுகின்றன. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கத்தி மாதிரி கூர்மை, நடுவில் ஒன்றுமில்லை. சின்ன வயதில் நோட்டின் ஓரத்தில் படம் வரைந்து விரலால் சரசரவென்று தள்ளுவோமே, அப்படி.

சரி, எடிட்டிங்கில் மோஷன் ப்ளர் எஃபெக்ட் போடுவோம் என்று போட்டேன். மூன்று மணி நேரம் ரெண்டர். இறக்கை கோபுரத்தைத் தாண்டும் இடத்தில் கோபுரமும் சேர்ந்து மெழுகு மாதிரி உருகி வழிகிறது. ஒரு ஃப்ரேமை நிறுத்திப் பார்த்தேன், இறக்கைக்கு நான்கு நுனி.

நொடிக்கு 25 ஃப்ரேமுக்கு ஷட்டர் 1/50 வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்; 1/3200லிருந்து அங்கே வர ஆறு ஸ்டாப், அதாவது லென்ஸில் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி64 ஃபில்டர். என்டி16 நாலு ஸ்டாப்தான், அது சாயங்கால வெளிச்சத்துக்கு. இந்தக் கணக்கு இப்போது தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு என்டி ஃபில்டர் டப்பா பைக் பெட்டியில்தான் இருந்தது. மாட்டச் சோம்பல்.

கடைசி பெஞ்ச்

முப்பந்தலில் 249 கிராம் ட்ரோனையா ஏற்றினீர்கள்? எந்த மாசம்?

காத்தாடி 249

ஆடி.

கடைசி பெஞ்ச்

அம்மியே பறக்கிற மாசத்தில். உங்கள் கதையில் ஷட்டர் ஒரு பிரச்சினையே இல்லை, ட்ரோன் திரும்பி வந்ததே பெரிய விஷயம்.

பனங்காய்ப் பணியாரம்

நான் யாழ்ப்பாணம். எங்கட பழைய வீட்டையும் வளவையும் எடுத்து, கனடாவில் இருக்கிற பெரியப்பாவுக்கு அனுப்பினேன். பதினொரு நிமிஷம். ஏறுகிற ஷாட், சுற்றுகிற ஷாட், பனைக்கு மேலால் போகிற ஷாட், வேகத்தைக் கூட்டிக் குறைத்து எல்லா வித்தையும் காட்டியிருந்தேன். வீடியோ கோலில் அவர் பார்க்க, நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது நிமிஷம் கண் சொருகிவிட்டது. மனிசன் நித்திரை.

திடீரென்று விழித்து, "பிள்ளை, அந்தக் கிணத்தடியைத் திருப்பிக் காட்டு" என்றார். கிணற்றடி இரண்டு செக்கன்தான் இருந்தது. ட்ரோன் ஏறத் தொடங்கும்போது தற்செயலாக விழுந்தது, வெட்டுவதா விடுவதா என்று யோசித்துவிட்டு விட்டிருந்தேன். அதையே ஆறேழு தரம் பார்த்தார். தண்ணி அள்ளுகிற துலா எங்கே என்று கேட்டார். துலா போய்ப் பல வருஷம்.

இப்ப அந்த இரண்டு செக்கனை இழுத்து எட்டாக்கினேன். 25 ஃப்ரேமில் எடுத்ததை இழுத்தால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். 50இல் எடுத்திருந்தால் பாதி வேகத்துக்காவது வழுக்கிக்கொண்டு போயிருக்கும்.

உப்புக்காத்து

@பனங்காய்ப் பணியாரம் அக்கா, இதைப் படித்த பிறகு என் கதையைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும்.

தூத்துக்குடி உப்பளம். காலை பத்து மணி. மேலிருந்து பார்த்தால் பாத்திகள் கட்டம் கட்டமாக, ஓரத்தில் வெள்ளைக் குவியல்கள். ஜேபெக் மட்டும் வைத்திருந்தேன், கேமரா பதிவு செய்த விவரத்தை அப்படியே வைத்திருக்கும் டிஎன்ஜி கோப்பு இடத்தை அடைக்கிறது என்று. கம்ப்யூட்டரில் திறந்தால் குவியல் மொத்தமும் வெறும் வெள்ளை, ஒரு கல் உப்பு தெரியவில்லை. ஹைலைட் ஸ்லைடரை மைனஸ் நூறுக்கு இழுத்தேன். வெள்ளை சாம்பலானது, அவ்வளவுதான். உப்புக் குவியல் போய் சிமெண்ட் குவியல் வந்தது.

அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். குவியல் மேல் ஒரு நிழல் நீளமாக விழுந்திருக்கிறது, ஆள் இல்லை. வெள்ளைச் சட்டை போட்ட தொழிலாளி ஒருவர் தலையில் கூடையோடு நின்றிருக்கிறார். அவர் சட்டையும் உப்பும் ஒரே வெள்ளையாக வெந்துபோய், நிழல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. எடுக்கும்போதே எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் கீழே இறக்கி, டிஎன்ஜியும் சேர்த்து வைத்திருந்தால் அந்த மனிதர் படத்தில் இருந்திருப்பார். நானும் அந்த இடத்துக்குத் திரும்பப் போனேன். மழை, பாத்தியெல்லாம் தண்ணீர்.

லட் லட்டு

பழைய நெகட்டிவ் ஐயா ஸ்கோப் ஏமாற்றாது என்கிறார். ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டே நாசம் பண்ணியவன் நான். டி-லாக் என்பது பின்னால் திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் எடுக்கும் மோடு; அதற்கு நிறம் ஏற்றும் கோப்புதான் லட். அப்படி ஒரு லட்டை டவுன்லோட் பண்ணி, நார்மல் மோடில் எடுத்த ஃபுட்டேஜ் மேல் போட்டேன். கேமரா ஏற்கெனவே கான்ட்ராஸ்ட் ஏற்றித் தந்ததுக்கு மேல் இன்னொரு சுற்று. ஸ்கோப்பில் எல்லாம் கோட்டுக்குள்தான் இருந்தது. பெண்ணின் அம்மா மட்டும், "எங்க பொண்ணு என்ன வெயில்ல நின்னு கருகிட்டாளா?" என்று கேட்டார். அடுத்த கல்யாணத்தில் சுதாரித்து டி-லாக்கிலேயே எடுத்து, லட் போட மறந்து அனுப்பினேன். "பனியில எடுத்தீங்களா?" சித்திரை மாசம் மதுரையில் ஏது பனி.

பழைய நெகட்டிவ்

லட்டு தம்பி, நார்மல் மோடுக்கு லட் எதற்கு? ஸ்கோப் வெளிச்சத்தின் அளவைச் சொல்லும். தோல் நிறத்துக்கு வெக்டர்ஸ்கோப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அதில் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவே ஒரு கோடு வரும், நம் ஊர் முகமானாலும் வெள்ளைக்காரர் முகமானாலும் அந்தக் கோட்டை ஒட்டியேதான் விழும்.

லட் லட்டு

ஐயா, பொண்ணோட அம்மாவுக்கு வெக்டர்ஸ்கோப் தெரியாது.

குறுவை

நெகட்டிவ் ஐயா சொன்ன வரிசையில் மறுபடி உட்கார்ந்தேன். எச்எஸ்எல்லில் பச்சையை இறக்கி, மஞ்சளைத் தொட்டு, டீஹேஸை எடுத்தேவிட்டேன். புது பிரிண்ட் நேற்று வந்தது. அப்பா பழையபடி கண்ணாடியை மாட்டிப் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வடகிழக்கு மூலையில் விரலை வைத்து, "இங்க பயிர் மஞ்சளடிக்குது பாரு, போன வருஷமே தண்ணி ஏறலன்னு சொன்னேன்" என்று மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அது உண்மையிலேயே தண்ணீர் ஏறாத மூலையா, நான் மஞ்சளை நகர்த்தியதா என்று தெரியவில்லை. படம் எடுத்தது போன வருஷம் என்று அவரிடம் சொல்வதா வேண்டாமா?