கிண்டில் வாங்கலாமா? 12 வாரக்காரர்கள் பதில் சொல்லவும்

பாளையங்கோட்டையான்:
கண்புரை ஆபரேஷன் ஆன அப்பாவுக்கு, மின்னூல் படிக்கிற கருவியான கிண்டில் வாங்கிக் கொடுக்கலாமா என்று அம்பைக்காரி நேற்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. அதற்கு நம்ம காற்றாலை எழுதிய பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு வயிறு எரிகிறது. "ஒரு தடவை சார்ஜ் போட்டா 12 வாரம் ஓடும், மறந்துடலாம். இதுக்கு அப்புறமும் காகிதப் புத்தகம் வாங்கி அடுக்குறவன் கரையானுக்குத்தான் சம்பாதிக்கிறான்." இதுதான் அந்தத் திருவாக்கு.

கரையான் சங்கதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த 12 வாரம். எந்த 12 வாரம் வே? 2025 ஏப்ரலில் 16,999 ரூபாய்க்கு இங்கே விற்பனைக்கு வந்ததே கிண்டில் பேப்பர்வொயிட், அதன் விளம்பரத்தில் 12 வாரத்துக்குக் கீழே எறும்பு எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்த்தீரா? ஒரு நாளைக்கு அரை மணி நேரம் படித்தால். வைஃபையை அணைத்து வைத்தால். திரை விளக்கின் வெளிச்ச அளவு 13-ல் இருந்தால். 84 நாளுக்கு அரை அரை மணி என்றால் மொத்தம் 42 மணி நேரம். நான் ரிட்டயர் ஆனவன், தினம் நாலு மணி நேரம் படிக்கிறவன். பத்தரை நாளில் கதை முடிந்தது. பத்தரை நாளை 12 வாரம் என்று சொல்வதற்கு எங்கள் ஊரில் வேறு பெயர்.

காற்றாலை:
சார்வாள், விளம்பரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்ததற்கு நன்றி. வாத்தியார் வேலை போனாலும் விடைத்தாள் திருத்துகிற கை போகாது போல.

அரை மணி நேரக் கணக்கு எனக்கும் தெரியும். அதனால் 12 வாரம் பொய்யாகிவிடுமா? நான் பணகுடிப் பக்கம் காற்றாலையில் ஷிப்ட் பார்க்கிறவன். எனக்குப் படிக்கக் கிடைப்பதே அரை மணி நேரம். ஆகவே எனக்கு 12 வாரம். உங்களுக்குப் பத்தரை நாள் என்றால் அது நீங்கள் வெட்டியாக இருப்பதால் வந்த வினை. கருவியைத் திட்டாதீர்கள்.

அது போன் மாதிரி எந்நேரமும் எரிகிற திரையும் இல்லை. உள்ளே தலைமுடி தடிமனில் குமிழ்கள். ஒவ்வொரு குமிழுக்குள்ளும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் ஒன்று மேலே வரும், இன்னொன்று அடியில் போகும். மேலே வந்தது அப்படியே நிற்கும், நிற்பதற்கு மின்சாரம் வேண்டாம். பக்கம் திருப்பும்போது மட்டும்தான் செலவு. வெளிச்சம் பட்டுத்தான் எழுத்து தெரிகிறது என்பதால் சித்திரை வெயிலில் உட்கார்ந்தும் படிக்கலாம். போனைக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பாருங்கள், உங்கள் முகம்தான் தெரியும்.

பாளையங்கோட்டையான்:
பக்கம் திருப்பும்போது மட்டும்தான் மின்சாரம் என்றால் அந்த விளக்கு எதில் எரிகிறது? மண்ணெண்ணெயிலா? கண்புரை ஆபரேஷன் ஆன மனுசனை 13-ல் வைத்துப் படி என்று சொல்ல முடியுமா? விளக்கு 24 வரைக்கும் கூடும். அவர் கூட்டத்தான் செய்வார். கூட்டினால் உங்கள் 12 வாரம் எங்கே போகும்? அதைச் சொல்லும் முதலில்.

கடையநல்லூர்க்காரன்:
அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு சண்டை? நான் போனிலேயே கிண்டில் வைத்திருக்கிறேன். சல்லிக்காசு செலவில்லை. ராத்திரி சார்ஜ் போட்டால் காலையில் ரெடி. 12 வாரமும் வேண்டாம், பத்தரை நாளும் வேண்டாம். பதினேழாயிரத்துக்கு இரண்டு பவுன் வாங்கின காலம் ஒன்று உண்டு.

காற்றாலை:
அது செயலி. நாங்கள் பேசுவது கருவியைப் பற்றி.

கடையநல்லூர்க்காரன்:
இரண்டுக்கும் பேர் கிண்டில்தானே? இரண்டிலும் அதே புத்தகம்தானே வருகிறது? அப்புறம் என்ன?

காற்றாலை:
திரை என்று ஒன்று இருக்கிறதே, மேலே எழுதினேனே, குமிழ், துகள்... சரி விடுங்கள்.

அம்பைக்காரி:
அண்ணாச்சிமாரே, நான் பேட்டரியைப் பற்றிக் கேட்கவே இல்லை. எங்கள் வீட்டில் கரண்ட் இருக்கிறது. அப்பாவுக்கு எழுத்து பெரிசாகத் தெரியவேண்டும், கையில் கனக்கக் கூடாது. படுத்துக்கொண்டு நெஞ்சில் வைத்துப் படிக்கிறவர். தலகாணி தண்டி புத்தகத்தை இப்போது அவரால் தூக்க முடியவில்லை. அவர் படிப்பதெல்லாம் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிற பழைய புத்தகங்கள். அவை கிண்டிலில் பெரிசாகத் தெரியுமா, தெரியாதா?

பாளையங்கோட்டையான்:
வருகிறேன் அம்மா, வருகிறேன். இவர் முதலில் 12 வாரத்துக்குப் பதில் சொல்லட்டும்.

குறுக்குத்துறை:
சார்வாள் வாட்சில் இன்னும் 12 வாரம்தான் மணி.

நான் காற்றாலை கட்சி. காரணம் பேட்டரி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. இங்கே தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. என் அலமாரியில் கீழ் இரண்டு தட்டும் போச்சு. காகிதம் தண்ணீர் குடித்தால் உப்பும். உப்பின புத்தகங்கள் தட்டுக்குள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இறுகிவிட்டன, ஒன்றைக்கூட இழுக்க முடியவில்லை. கடைசியில் அலமாரியின் பக்கப் பலகையைக் கழற்றித்தான் எடுத்தேன். வழவழத் தாளில் அச்சடித்தவை காய்ந்த பிறகு பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒரே கட்டியாக ஆகிவிட்டன. பிரித்தால் படம் உரிந்து எதிர்ப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அட்டைக்குள் கைப்பட எழுதித் தந்த பெயர்கள் எல்லாம் நீலக் கறை. அத்தனையும் கிண்டிலில் இருந்திருந்தால் ஒரு வரி போயிருக்காது. பேப்பர்வொயிட் தண்ணீரில் விழுந்தாலும் தாங்கும்.

பாளையங்கோட்டையான்:
உம்முடைய புத்தகம் போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் "தாங்கும்" என்கிறீரே, அதற்கும் கீழே எறும்பு எழுத்து உண்டு. நல்ல தண்ணீரில், இரண்டு மீட்டர் ஆழத்தில், 60 நிமிடம். அன்றைக்குத் தாமிரபரணி 60 நிமிடத்தில் வடிந்துவிட்டதா? வந்தது நல்ல தண்ணீரா, சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீரா? 12 வாரம் எப்படியோ அப்படித்தான் இதுவும்.

குறுக்குத்துறை:
கருவி போகட்டும் ஐயா. புத்தகம் என் கணக்கில் இருக்கும். வேறு கருவி வாங்கி இறக்கிக்கொள்வேன்.

பாளையங்கோட்டையான்:
கணக்கா? கணக்கு யார் கையில்? 2009 ஜூலையில் அமெரிக்காவில் காசு கொடுத்து வாங்கினவர்களின் கிண்டிலுக்குள்ளிருந்து அமேசானே இரண்டு நாவல்களை அழித்தது. அதில் ஒன்று, எல்லாரையும் வேவு பார்க்கிற அரசாங்கத்தைப் பற்றிய நாவல். கிண்டல் நான் செய்யவில்லை, அவர்களே செய்துகொண்டார்கள். 2025 பிப்ரவரி 26-லிருந்து, வாங்கின புத்தகத்தைக் கம்ப்யூட்டரில் இறக்கி ஒயர் வழியாக ஏற்றுகிற வசதியையும் எடுத்துவிட்டார்கள். என் அலமாரியில் கை வைக்க எந்தக் கம்பெனிக்கும் தைரியம் கிடையாது. அச்சுப் புத்தகத்துக்கு ஜிஎஸ்டியும் கிடையாது. 16,999 ரூபாய்க்கு, புத்தகம் 250 என்று போட்டால், 68 புத்தகம் வீட்டுக்கு வரும். 12 வாரம் இல்லை, மூன்று தலைமுறைக்குச் சார்ஜ் போடாமல் படிக்கலாம்.

காற்றாலை:
2009 கதையை இன்னும் எத்தனை காலம் ஓட்டுவீர்கள்? உரிமை இல்லாத ஆள் விற்றதால் எடுத்தார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலாளியே மன்னிப்புக் கேட்டார்.

பாளையங்கோட்டையான்:
என் வீட்டுக்குள் புகுந்து பொருளை எடுத்துவிட்டுக் காசைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனால் அதற்குப் பெயர் வியாபாரமா?

காற்றாலை:
கடையில் வாங்கினால்தானே அந்தப் பயம்? சும்மா கிடைப்பதைப் படியுங்கள். 1998-லிருந்து மதுரைத் திட்டம் நடக்கிறது. சங்க இலக்கியத்திலிருந்து எல்லாம் எழுத்து எழுத்தாகத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். 2022-லிருந்து இபப் (EPUB) என்கிற மின்னூல் கோப்பையும் மின்னஞ்சலில் கிண்டிலுக்கு அனுப்பலாம். நாட்டுடைமையான எழுத்துகளை யாரும் வந்து பிடுங்க முடியாது. நம்ம ஊர்ப் புதுமைப்பித்தன் எழுத்துகளும் 2002-ல் நாட்டுடைமை ஆனவைதான்.

கடையநல்லூர்க்காரன்:
நம்ம ஊரா? புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூர். கடலூர்ப் பக்கம்.

பாளையங்கோட்டையான்:
பிறந்த இடத்தை வைத்தா ஊர் சொல்வது? அப்பாவுக்கு அங்கே உத்தியோகம், அங்கே பிறந்தார். படித்தது நெல்லை இந்துக் கல்லூரி. எழுதினது எங்கள் பேச்சு. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகப் போன தென்காசிக்காரர்கள் எங்கள் எழுத்தாளருக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுத வேண்டாம்.

கடையநல்லூர்க்காரன்:
மாவட்டம் பிரிந்தால் பேச்சு பிரிந்துவிடுமா? தூத்துக்குடி 1986-ல் போனது. அவர்களிடமும் இதையே சொல்வீர்களா? போன மாசம் அணைச் சண்டையில் தோற்றதிலிருந்தே உங்களுக்கு என் மேல் கடுப்பு.

பாளையங்கோட்டையான்:
யார் தோற்றது? பாபநாசம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. எது பெரிய அணை என்று சின்னப் பிள்ளை சொல்லும்.

நூலகப்பூனை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். அம்பைக்காரி அக்கா, உங்களுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. மின்னூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கத்தைப் படம் பிடித்துப் போட்ட பிடிஎஃப். படத்துக்குள் இருக்கிற எழுத்துக்குத் தனியாக அளவு கூட்ட முடியாது. பக்கம் முழுவதையும்தான் இழுத்துப் பெரிதாக்க வேண்டும். ஏழு அங்குலத் திரையில் வரியின் பாதி வெளியே போய்விடும். ஒவ்வொரு வரிக்கும் இடம் வலமாகத் தள்ளிக்கொண்டே படிக்கவேண்டும், படுத்துக்கொண்டு அது பெரும்பாடு. கடையில் விற்கிற தமிழ் மின்னூல், மதுரைத் திட்டத்தின் எழுத்துக் கோப்பு, இவற்றில் எழுத்தை வேண்டிய மட்டும் கூட்டலாம், வரி தானாக மடிந்துகொள்ளும். அப்பா படிப்பது எந்த வகை என்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பெரும்பாலும் படப் பிடிஎஃப் என்றால் பத்து அங்குல டேப்லெட் பாருங்கள், கொஞ்சம் கனம் கூடும்.

பாளையங்கோட்டையான்:
பார்த்தீர்களா, பூனையும் என் கட்சிதான்.

நூலகப்பூனை:
நான் எந்தக் கட்சியும் இல்லை சார்.

காற்றாலை:
"எழுத்தை வேண்டிய மட்டும் கூட்டலாம்" என்று பூனை எழுதியிருக்கிறதே, அது எந்தக் கட்சி? காகிதத்தில் கூட்டிக் காட்டுங்கள் பார்ப்போம்.

பாளையங்கோட்டையான்:
எழுத்தைக் கூட்டினால் ஒரு பக்கம் மூன்று பக்கம் ஆகும். மூன்று பக்கம் என்றால் மூன்று தடவை திருப்பவேண்டும். திருப்பும்போதுதான் மின்சாரம் என்றது நீர். அப்படியானால் 12 வாரம் நாலு வாரம் ஆகாதா? உம்முடைய வாயாலேயே வந்துவிட்டது.

காற்றாலை:
விளக்குதான் தின்கிறது என்று மேலே வாதாடினதும் நீங்கள்தான் சார்வாள். ஏதாவது ஒன்றில் நில்லுங்கள்.

பாளையங்கோட்டையான்:
இரண்டும் தின்னும். நீர் 12 வாரம் என்று எழுதினதை வாபஸ் வாங்கும், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

காற்றாலை:
12 வாரம்தான். எழுதினது எழுதினதுதான்.

அம்பைக்காரி:
பூனைக்கு நன்றி. அந்த டேப்லெட் எவ்வளவு கனம் என்று மட்டும் யாராவது...

கடையநல்லூர்க்காரன்:
அணை விஷயம் அப்படியே நிற்கிறது. உயரத்தை வைத்தா அணையை அளப்பது? எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்று பார்க்க வேண்டாமா? இரண்டும் ஏறக்குறைய ஒரே கொள்ளளவு.

பாளையங்கோட்டையான்:
ஏறக்குறைய என்றால் என்ன அர்த்தம்? ஏறவா, குறையவா? ஒன்றைச் சொல்லும்.

குறுக்குத்துறை:
இரண்டையும் ஒன்றாகத் திறந்துவிட்டால் என் வீட்டுக்குள் வந்து அளந்துகொள்ளலாம், வாருங்கள்.

பாளையங்கோட்டையான்:
உம்மிடம் கேட்கவில்லை. கடையநல்லூர்க்காரர் பதில் சொல்லட்டும்.

கடையநல்லூர்க்காரன்:
கடைக்குப் போய்விட்டு வருகிறேன் அண்ணாச்சி. ராத்திரி பத்து மணிக்கு மேல் வைத்துக்கொள்வோம்.

பாளையங்கோட்டையான்:
ஓடாதீர் ஓய்! போன மாசமும் இப்படித்தான் கடை என்று சொல்லிவிட்டுப் போனீர். பத்து மணி வரைக்கும் முழித்திருப்பேன்.