லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: நாடகம், உரை, கச்சேரி பார்க்கும் வழிகள்

வீடு, வங்கிக் கணக்கு, ஜிபி (வட்டார மருத்துவர்) பதிவு எல்லாம் முடிந்துவிட்டதா? அடுத்த வேலையாக ஒரு நாடகத்துக்கோ உரைக்கோ டிக்கெட் எடுங்கள். "கொஞ்சம் செட்டில் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போட்டால் நவம்பர் வந்துவிடும். நாலு மணிக்கே இருட்டத் தொடங்கும். வேலை விட்டால் வீடு, வீடு விட்டால் வேலை என்றாகி, முதல் குளிர்காலம் பலரையும் ஒடுக்கிப்போட்டுவிடுகிறது. குறிப்பாக, தனியாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லண்டனின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் வெஸ்ட் எண்ட் பகுதியில் டிக்கெட் நூறு பவுண்டைத் தாண்டுவதைப் பார்த்து, அதை மனக்கணக்கில் ரூபாயாக்கி, பயந்து ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் விற்பனை தொடங்கும் நாளுக்கும் காட்சி நாளுக்கும் இடைப்பட்ட நாட்களில், நல்ல இருக்கைக்குக் கேட்கும் விலை. விற்பனை தொடங்கும் அன்றே எடுப்பவருக்கும், காட்சி நாளன்று போய் நிற்பவருக்கும் பல இடங்களில் அதே நாடகம் பாதிக்கும் குறைவாகவே கிடைக்கும். முன்னாலேயே திட்டமிடுங்கள், இல்லையென்றால் கடைசி நேரத்தில் கிளம்புங்கள்.

முதல் நாடகத்துக்கு எதற்குப் போவது என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் சொல்வது ஷேக்ஸ்பியர் குளோப். தேம்ஸ் நதியின் தென்கரையில், ஷேக்ஸ்பியர் காலத்துப் பழைய குளோப் அரங்கத்தைப் போலவே மரத்தால் கட்டி 1997-ல் திறந்தார்கள். 1666-ன் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் ஓலைக்கூரை போட அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இதுதான். மேடைக்கு முன்னால் திறந்தவெளி முற்றத்தில் நின்று பார்க்கும் இடங்கள் சுமார் 700. விலை 5 பவுண்டிலிருந்து தொடங்குகிறது. மேடை விளிம்பில் கை ஊன்றிக்கொண்டே பார்க்கலாம். நடிகர்கள் கூட்டத்துக்குள் புகுந்து, உங்கள் தோளை ஒதுக்கிக்கொண்டு மேடை ஏறுவார்கள். பார்ப்பவர்கள் மேலும் வெளிச்சம் இருக்கும். நடிகர் உங்கள் கண்ணைப் பார்த்தே வசனம் சொல்வார். தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே அந்நியமாக உணரவே மாட்டார்கள். பெரும்பாலும் கோடைக்காலத்தில்தான் இந்தத் திறந்தவெளி அரங்கம் நடக்கும். குடை விரிக்க விடமாட்டார்கள், மழைக்கோட்டு கட்டாயம். நாடகம் நடக்கும்போது முற்றத்தில் உட்காரவும் கூடாது, அதனால் நல்ல ஷூ போட்டுப் போங்கள். மூன்று மணி நேரம் நிற்க முடியாதவர்கள் கொஞ்சம் அதிகம் கொடுத்து பெஞ்சில் இடம் வாங்குவதே நல்லது.

மற்ற அரங்குகளுக்கு வருவோம். லெஸ்டர் ஸ்குவேரில் டிகேடிஎஸ் என்ற கூண்டு இருக்கிறது. லண்டன் நாடக அரங்குகளின் சங்கமே நடத்துவது. தள்ளுபடி டிக்கெட்டை அங்கே நம்பி வாங்கலாம். அதே சுற்றுவட்டாரத்தில் "பாதி விலை" என்று பலகை மாட்டிய வேறு கடைகளும் உண்டு. டிக்கெட்டில் அச்சிட்ட விலை எவ்வளவு, கமிஷன் எவ்வளவு என்று கேட்காமல் காசை நீட்டாதீர்கள். நேஷனல் தியேட்டரில் வெள்ளிக்கிழமை பகல் 1 மணிக்கு, அடுத்த வாரக் காட்சிகளுக்குச் சில டிக்கெட்டுகளை 10 பவுண்டுக்கு இணையத்தில் விடுவார்கள். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். பழைய விக்டோரியா காலத்து அரங்குகளில் "ரெஸ்ட்ரிக்டட் வியூ" என்று மலிவாகப் போட்டிருந்தால் முன்னால் ஒரு தூண் நிற்கலாம். எவ்வளவு மறைக்கும் என்று கவுன்டரில் கேட்டால் உள்ளபடியே சொல்வார்கள்.

"ஆங்கிலம் தெரியும், ஆனால் அவர்கள் பேசும் வேகம் பிடிபடாதே" என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலான பெரிய நாடகங்களுக்கு "கேப்ஷன்டு" காட்சி என்று ஒன்றிரண்டு நாட்கள் ஒதுக்குவார்கள். மேடை ஓரத்துத் திரையில் வசனம் ஓடும். காது கேளாதவர்களுக்காக வந்த ஏற்பாடு. ஆனால் யார் வேண்டுமானாலும் போகலாம். திரை தெளிவாகத் தெரியும் இருக்கைகளைச் செவித்திறன் குறைந்தவர்களுக்கு விட்டுவிட்டு, பக்கத்தில் எடுங்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகவும் இந்தக் காட்சிகள்தான் சரி.

காசே செலவில்லாமல் வேண்டுமா? உரைகளுக்குப் போங்கள். இந்த ஊரில் என்னை அதிகம் வியக்கவைத்தது இதுதான். வணிகர் தாமஸ் கிரெஷாம் எழுதிவைத்த உயிலின்படி 1597-ல் தொடங்கிய கிரெஷாம் கல்லூரி இன்றைக்கும் பொதுமக்களுக்கு இலவசமாக உரைகள் நடத்துகிறது. பட்டம் கிடையாது, தேர்வு கிடையாது. வானியல், சட்டம், இசை, மருத்துவம் என்று அந்தந்தத் துறைப் பேராசிரியர்களே ஒரு மணி நேரம் எல்லோருக்கும் புரிகிறபடி பேசுவார்கள். பல உரைகள் ஹோல்பர்ன் பக்கம் பார்னர்ட்ஸ் இன் ஹாலில் நடக்கும். சான்சரி லேன் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள், போக முடியாவிட்டால் வீட்டிலிருந்தே நேரலையில் பாருங்கள். எல்எஸ்இ (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) பல்கலைக்கழகத்திலும் பொது உரைகளுக்கு அனுமதி இலவசம். அல்பமார்ல் தெருவில் இருக்கும் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தின் உரைகளுக்குக் கட்டணம் உண்டு. ஆனால் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே நின்று பேசிய அதே அரங்கில், செங்குத்தான வட்ட வரிசைகளில் உட்கார்ந்து கேட்பீர்கள். 1825-ல் தொடங்கிய கிறிஸ்துமஸ் உரைகளும் அங்கேதான்.

பாட்டுக்கச்சேரி ரசிகர்களுக்குக் கோடையில் ப்ராம்ஸ் என்ற மேற்கத்திய இசை விழா. ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் வரை, ராயல் ஆல்பர்ட் ஹாலில், கிட்டத்தட்ட தினமும். நின்று கேட்கும் டிக்கெட்டை அன்று காலையில் இணையத்தில் விடுவார்கள்; விலை 10 பவுண்டை ஒட்டித்தான் வரும். மேடைக்கு முன்னால் அரீனாவில் நிற்கலாம், அல்லது உச்சியில் கேலரிக்கு ஏறிவிடலாம். அங்கே பாய் விரித்துப் படுத்துக்கொண்டே கேட்பவர்களும் உண்டு. ஒன்று மட்டும் கவனம். சபாவில் தொடையில் தாளம் போடுவது, "பலே" சொல்வது நமக்கு இயல்பு. மேற்கத்திய இசையில் ஒரே படைப்பு மூன்று நான்கு பகுதிகளாக வரும், நடுவில் அமைதி காப்பதே வழக்கம். இசைக்குழுவை நடத்துபவர் கையைக் கீழே இறக்கித் திரும்பும்வரை பொறுத்து, அப்புறம் கைதட்டுங்கள்.

குழந்தைகள் இருந்தால் கிட்ஸ் வீக்கைக் குறித்துவையுங்கள். பெயர்தான் வீக், கோடை விடுமுறை முழுக்க நடக்கும்: பெரியவர் ஒருவர் முழு டிக்கெட் எடுத்தால் ஒரு பிள்ளைக்கு இலவசம். விற்பனை தொடங்கிய வேகத்தில் நல்ல தேதிகள் தீர்ந்துபோகும். டிசம்பரில் பான்டோமைம், குடும்பத்தோடு பார்க்கும் கலகலப்பான நாடகம். ஈஸ்ட் ஹாம், இல்ஃபர்ட் பக்கம் இருப்பவர்கள் நகரத்துக்குள் போகவே வேண்டாம், 1884-ல் திறந்த ஸ்ட்ராட்ஃபர்ட் ஈஸ்ட் அரங்கம் கிட்டத்திலேயே இருக்கிறது.

நம் கர்நாடக இசை, பரதம் எல்லாம் மேற்கு கென்சிங்டனில் உள்ள பாரதிய வித்யா பவனில் தவறாமல் நடக்கும். ஈழத்துக் குடும்பங்களின் அரங்கேற்றங்களுக்கு அழைப்பு வந்தால் கட்டாயம் போங்கள். பக்கவாத்தியம் முழுதாக அமர்த்தி, ஒரு முழுக் கச்சேரியின் தரத்தில் நடத்துவார்கள்.

நேரம் பற்றி: 7.30 என்றால் 7.30-தான். தாமதமாகப் போனால் தக்க இடைவெளி வரும்வரை கதவுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள், சில நாடகங்களில் இடைவேளை வரைக்கும். பெரும்பாலும் 10, 10.30-க்கு முடிந்துவிடும், வழக்கமான ரயிலிலேயே திரும்பிவிடலாம். வெள்ளி, சனி இரவு நேரம் போய்விட்டாலும் டூட்டிங்குக்கு நார்தர்ன் லைன், வெம்ப்லி பார்க்குக்கு ஜூபிலி லைன் இரவு முழுக்க ஓடும். ஈஸ்ட் ஹாமுக்கு டிஸ்ட்ரிக்ட் லைனில் அந்த வசதி இல்லை. கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று கிளம்பும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.