ஃபோட்டோஷாப், கோரல் இல்லாமல் பத்திரிகை, ஃபிளெக்ஸ் வேலையை லினக்ஸில் முழுசாகச் செய்ய முடியுமா?

மை_தாள்:

வணக்கம். மதுரைப் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி (கம்ப்யூட்டரில் அச்சு வடிவமைக்கிற) கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், விசிட்டிங் கார்டு, ஃபிளெக்ஸ், சீசனில் காலண்டர் அட்டை, இவ்வளவுதான் வேலை. இரண்டு கம்ப்யூட்டர், இரண்டுமே ஏழாம் தலைமுறை ஐ5, 16 ஜிபி ரேம். வேகத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கும் பிராசஸர் பட்டியலில் எங்கள் சிப் இல்லை. நன்றாக ஓடுகிற மெஷினைக் காயலான் கடையில் போட மனசு வரவில்லை, அதனால் லினக்ஸுக்கு (விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம்) மாறலாமா என்று யோசிக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடையில் இருக்கும் ஃபோட்டோஷாப்பும் கோரல்டிராவும் காசு கொடுத்து வாங்கியவை அல்ல. மெஷின் போட்டுக்கொடுத்தவர் அப்படியே ஏற்றிக்கொடுத்தார், நானும் இத்தனை வருஷம் கேட்காமல் ஓட்டிவிட்டேன். இனி அப்படி வேண்டாம் என்று வீட்டிலும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

நான் தெரிந்துகொள்ள வேண்டியது மூன்று. அச்சுப் பிளேட்டுக்குக் கொடுக்கிற மாதிரி சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு அச்சு மை நிறம்) ஃபைல் லினக்ஸிலிருந்து எடுக்க முடியுமா? தமிழ் எழுத்து உடையாமல் வருமா, பழைய பாமினி, வானவில் ஃபாண்டில் செய்த வேலைகள் நிறையக் கிடக்கின்றன. வாடிக்கையாளர் பிஎஸ்டி (ஃபோட்டோஷாப் ஃபைல்), சிடிஆர் (கோரல் ஃபைல்) என்று அனுப்பினால் என்ன செய்வது? வைனில் (விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் மென்பொருள்) போட்டால் எல்லாம் ஓடும் என்று ஒருவர் சொன்னார், அதை நம்பி இறங்கலாமா?

கோடும்_நிறமும்:

முடியும். ஏழு வருஷமாக லினக்ஸில்தான் அச்சு வேலை செய்கிறேன், பெரும்பாலும் புத்தக அட்டையும் பத்திரிகையும். ஆனால் ஃபோட்டோஷாப்புக்குப் பதில் எது, கோரலுக்குப் பதில் எது என்று ஒன்றுக்கு ஒன்று தேடினீர்கள் என்றால் இரண்டே நாளில் வெறுத்துப்போய்த் திரும்பிவிடுவீர்கள். கோரலில் படம் வரைவது, எழுத்து அடுக்குவது, பிளேட்டுக்கு ஃபைல் எடுப்பது எல்லாம் ஒரே இடத்தில் நடக்கும். இங்கே அது மூன்றாகப் பிரியும். போட்டோ வேலைக்கு கிம்ப், கோட்டு வேலைக்கு இங்க்ஸ்கேப், எல்லாவற்றையும் சேர்த்துப் பக்கமாக்கி வெளியே அனுப்ப ஸ்கிரைபஸ். இந்த மூன்றாவதைத் தொடாமல் விட்டவர்கள்தான் லினக்ஸில் சிஎம்ஒய்கே இல்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்க்ஸ்கேப் எடுத்துத் தரும் பிடிஎஃப் ஆர்ஜிபிதான், அதாவது திரைக்கான சிவப்பு, பச்சை, நீல நிற முறை. கிம்ப் 2025 மார்ச்சில் 3.0 ஆக வந்தபோது நிறைய மாறியது, ஃபில்டரைப் போட்ட பிறகும் திரும்பத் திருத்தலாம், சிஎம்ஒய்கே-இல் எப்படித் தெரியும் என்று திரையிலேயே பார்க்கலாம், டிஃப் ஃபைலை சிஎம்ஒய்கே-ஆகச் சேமிக்கவும் செய்யலாம். ஆனாலும் உள்ளே வேலை நடப்பது ஆர்ஜிபியில். ஸ்கிரைபஸ் அப்படி இல்லை, அது அச்சுக்கென்றே செய்தது. நிறத்தை நேராக சிஎம்ஒய்கே எண்ணில் கொடுக்கலாம், ஸ்பாட் கலர் (நாலு மையில் கலக்காமல் தனிப் பிளேட்டாக வரும் நிறம்) வைக்கலாம், பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ, எக்ஸ்-3, எக்ஸ்-4 என்று பிரஸ் கேட்கிற அச்சுக்கான பிடிஎஃப் வகையில் எடுக்கலாம். ஒரு விஷயம் மட்டும் பலருக்கும் பிடிபடுவதில்லை: கலர் மேனேஜ்மென்ட்டை முதலில் ஆன் செய்தால்தான் அந்த எக்ஸ் வகைகளைத் தேர்ந்தெடுக்க விடும். அது தெரியாமல் நான் ஒரு நாள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

பத்திரிகையில் தங்க ஃபாயில் வருகிறதா? ஃபாயில் போக வேண்டிய இடத்துக்கு மட்டும் தனியாக ஒரு ஸ்பாட் கலர் வைத்து அதற்கு ஃபாயில் என்றே பெயர் கொடுங்கள். பிடிஎஃப்பில் அது தனிப் பிளேட்டாக நிற்கும், டை அடிப்பவருக்கும் அதையே கொடுத்துவிடலாம். பிள்ளையார் படம், மயில், மாவிலைத் தோரணம் மாதிரி கோட்டு வேலைகளை இங்க்ஸ்கேப்பில் செய்து எஸ்விஜி (கோட்டுப் பட ஃபைல்) ஆக ஸ்கிரைபஸுக்குள் கொண்டுவந்தால் நிறங்கள் எல்லாம் ஆர்ஜிபி பட்டியலாக உட்கார்ந்திருக்கும், கலர் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றையும் சிஎம்ஒய்கே-ஆக மாற்றிவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை, ஆனால் மறந்தால் போச்சு.

தமிழ் பற்றிக் கேட்டீர்கள், அதில்தான் உங்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. கிம்ப்பிலும் இங்க்ஸ்கேப்பிலும் யூனிகோட் (எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) தமிழ் எந்தச் செட்டிங்கும் மாற்றாமல் சரியாக வரும். கொம்பு முன்னால் போக வேண்டிய இடத்தில் முன்னால் போகும், கொ, கோ, கௌ எதுவும் உடையாது. ஃபோட்டோஷாப்பில் இதற்கே டைப் செட்டிங்கில் போய்த் தெற்காசிய எழுத்துக்கான இயந்திரத்தை மாற்ற வேண்டியிருந்தது நினைவிருக்கும். ஸ்கிரைபஸில் பழைய 1.4 பதிப்பைத் தவிருங்கள், அதில் தமிழ் சிதறும். 2024 ஜனவரியில் வந்த 1.6 அல்லது அதற்குப் பிந்தையது போடுங்கள். ஃபாண்டுக்கும் பஞ்சம் இல்லை. முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை, மீரா இனிமை, பலூ தம்பி, கவிவனார், நோட்டோ செரிஃப் தமிழ், எல்லாமே கடை வேலைக்குக் காசில்லாமல் பயன்படுத்த உரிமம் தருபவை. பத்திரிகையில் பெண், மாப்பிள்ளை பெயருக்குக் கவிவனார் போட்டுப் பாருங்கள், கையால் எழுதின மாதிரி இருக்கும்.

பாமினி, வானவில் மாதிரிப் பழைய ஃபாண்டுகளை லினக்ஸில் நிறுவினால் ஓடும், எழுத்து ஆங்கில இடங்களில் உட்கார்ந்திருப்பதால் மென்பொருளுக்கு அது வெறும் ஆங்கிலம் மாதிரிதான். ஆனால் சில ஃபாண்டுகளில் ஓரிரு எழுத்து கட்டமாக வந்ததைப் பார்த்திருக்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற வாசகங்களை, அதாவது நிகழும் மங்களகரமான என்று தொடங்குகிற பகுதியை எல்லாம், ஒரு தடவை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொண்டால் பிறகு நிம்மதி. அப்புறம் தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை, லினக்ஸின் தட்டச்சுக் கருவியான ஐபஸிலேயே கிடைக்கும்.

பழைய_பிளேட்:

வைன் பற்றி நான் சொல்கிறேன், அதில் நிறைய நேரம் செலவழித்தவன். 2012-இல் வந்த சிஎஸ்6 மாதிரி பழைய ஃபோட்டோஷாப் வைனில் ஓரளவு நன்றாகவே ஓடும். சந்தா முறையில் வரும் புதிய பதிப்புகளில் சிக்கலே இன்ஸ்டாலரில்தான் தொடங்கும், எப்படியோ ஏற்றினாலும் ஒரு அப்டேட் வந்தால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். முகூர்த்த சீசனில் இரவு பதினோரு மணிக்கு அது திறக்காமல் நின்றால் யாரைக் கேட்பீர்கள்? ஆர்வத்துக்குச் செய்து பாருங்கள், தொழிலை அதன் மேல் வைக்காதீர்கள். அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருள் 2025 அக்டோபரிலிருந்து இலவசம், ஆனால் லினக்ஸ் பதிப்பு கிடையாது, அதையும் வைனில்தான் ஓட்டுகிறார்கள், அதே பேச்சுதான் அதற்கும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, 2000-இல் கோரல் நிறுவனமே கோரல்டிரா 9-ஐ லினக்ஸுக்கு வெளியிட்டது. அதையும் வைனை வைத்துத்தான் செய்திருந்தார்கள். அது தொடர்ந்திருந்தால் இன்று இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, எனக்கு அதில் இன்னமும் வருத்தம் உண்டு.

கட்டாயம் விண்டோஸ் மென்பொருள் வேண்டும் என்றால் அசல் உரிமம் வாங்கி விர்ச்சுவல் மெஷினுக்குள் (லினக்ஸுக்கு உள்ளேயே ஓடும் இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி) போடுங்கள். 16 ஜிபியில் பாதியைக் கொடுத்தால் கோரல் மாதிரி வேலைக்குத் தாங்கும். உள்ளே இருப்பது விண்டோஸ் 10 என்றால் அதற்கு நெட் இணைப்பைக் கொடுக்காதீர்கள்.

அட்டைப்பெட்டி:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பேக்கேஜிங் வேலை செய்கிறேன், சென்னையில் இரண்டு ஏஜென்சியுடன் தினமும் ஃபைல் போய்வருகிறது. லேயர் லேயராக இருக்கும் பிஎஸ்டி, எஃபெக்ட் போட்ட ஏஐ (அடோபி இல்லஸ்ட்ரேட்டர்) ஃபைல், இதையெல்லாம் திறந்து திருத்தி அதே வடிவத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டிய வேலை என்றால் லினக்ஸ் இன்றைக்குச் சரிப்படாது. கிம்ப், கிரிட்டா இரண்டும் பிஎஸ்டியைத் திறக்கும், ஆனால் ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டும் (ஃபைலுக்குள் பொதிந்து வைத்த அசல் படம்) சில லேயர் விளைவுகளும் அப்படியே திரும்பிப் போகாது. இங்க்ஸ்கேப் சிடிஆர் திறக்கும், உருவங்கள் பெரும்பாலும் வரும், எழுத்தை நம்ப முடியாது. நான் இதனால்தான் ஒரு விண்டோஸ் மெஷினை வைத்துக்கொண்டேன்.

உங்கள் கடை அப்படி இல்லை என்று நினைக்கிறேன். வருகிற ஃபைலைப் பார்த்து அச்சடிக்கத்தான் வேண்டும் என்றால் பிடிஎஃப்பாகக் கேளுங்கள், எழுத்தைக் கர்வ்ஸ் (ஃபாண்ட் தேவைப்படாத கோட்டு வடிவம்) ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள். பிஎஸ்டியை அவசரமாகத் திறந்து பார்க்க பிரவுசரிலேயே ஃபோட்டோபீ இருக்கிறது, ஃபைல் உங்கள் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகாது. இரண்டு மெஷின் இருப்பது வசதி. முதலில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதுவும் சீசன் முடிந்த பிறகு, ஆடியில்.

மை_தாள்:

எல்லோருக்கும் நன்றி. ஆடி வரைக்கும் பொறுக்க முடியவில்லை, ஒரு மெஷினில் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) ஏற்றி மூன்று வாரம் ஆகிறது. ஃபிளெக்ஸ் வேலையில் ஒரு தடங்கலும் இல்லை. 10க்கு 6 அடி, 72 டிபிஐ, 8640க்கு 5184 பிக்சல், கிம்ப் அசராமல் தூக்கியது, ஃபிளெக்ஸ் கடையிலும் ஒன்றும் கேட்கவில்லை.

பத்திரிகையில்தான் ஒரு தப்பு செய்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து உட்பட எல்லாவற்றையும் இங்க்ஸ்கேப்பிலேயே முடித்துப் பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தேன். பிரஸ்ஸில் இருந்து கூப்பிட்டு, கறுப்பு எழுத்து நாலு பிளேட்டிலும் வருகிறது, சின்ன எழுத்து ஓரம் கலங்கிவிடும், அடிக்கவா வேண்டாமா என்று கேட்டார்கள். நிறுத்தச் சொல்லிவிட்டேன். இதை எப்படிச் சரிசெய்வது?

கோடும்_நிறமும்:

நிறுத்தியது சரி. ஆர்ஜிபியில் இருக்கிற கறுப்பை மாற்றும்போது அது சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு நாலும் கலந்த கறுப்பாகிவிடும். பெரிய பட்டையில் அது அழகுதான். எட்டு பாயின்ட் எழுத்தில் ரெஜிஸ்ட்ரேஷன் (நாலு பிளேட்டும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது) மயிரிழை நகர்ந்தால்கூட சுழியும் புள்ளியும் அடைத்துப்போகும், தமிழில் சுழி அதிகம் என்பதால் ஆங்கிலத்தைவிட நமக்குத்தான் பாதிப்பு.

இங்க்ஸ்கேப்பில் வடிவம் மட்டும் செய்யுங்கள். எழுத்து முழுவதையும் ஸ்கிரைபஸில் அடுக்குங்கள், அங்கே பிளாக் என்று இருக்கும் நிறம் கே 100, அதாவது கறுப்பு மை மட்டும்தான். அனுப்புவதற்கு முன் அவுட்புட் பிரிவியூவைத் திறந்து கறுப்புப் பிளேட்டை மட்டும் அணைத்துப் பாருங்கள். எழுத்து மொத்தமும் திரையிலிருந்து காணாமல் போகவேண்டும். எங்காவது நிழல் மாதிரி மிச்சம் தெரிந்தால் அந்த எழுத்து இன்னும் நாலு கலரில்தான் இருக்கிறது.

மை_தாள்:

அப்படியே செய்து பார்த்தேன் அண்ணே. கறுப்பை அணைத்ததும் எழுத்து முழுக்க மறைந்தது, கீழே மண்டபத்து முகவரி மட்டும் ஒரு வரி நின்றது, அது பழைய வேலையிலிருந்து ஒட்டியது. அதையும் மாற்றிக் கொடுத்தேன். இன்று மதியம் பத்திரிகை வந்துவிட்டது, மூன்று சுழி ண கூட அடைக்காமல் சுத்தமாக விழுந்திருக்கிறது. இரண்டாவது மெஷினையும் இந்த மாதமே மாற்றப் போகிறேன்.