புதுப்பிப்பு: அப்பாவின் கால் புண், இப்போது எப்படி

மலேசியாவில் நிபோங் திபால் பக்கம் தோட்டத்தில் இருக்கும், சர்க்கரை நோய் உள்ள அப்பா, தைப்பூசத்தில் வெறுங்காலோடு நடந்து பாதத்தில் கொப்புளம் வந்தும், வலியே இல்லை என்று மஞ்சளை அப்பிக்கொண்டு பத்து நாள் சும்மா இருந்தார் என்று முன்பு எழுதியிருந்தேன். காலை எடுக்க வேண்டிவருமா என்று கேட்டவர்களுக்கு: இல்லை. இருபது காசு நாணய அளவிருந்த புண் ஐந்து காசுக்குச் சுருங்கியிருக்கிறது.

வலி இல்லாததுதான் ஆபத்தாம், பாதம் மரத்துப்போயிருக்கிறது என்று அர்த்தமாம். உணர்வு இருக்கிறதா என்று பார்க்க, அரசு கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களைத் தொட்டார்கள்; கண்ணை மூடியிருந்த அப்பா, "எப்ப டாக்டர் தொடுவீங்க?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நல்லவேளை, ரத்த ஓட்டம் பரவாயில்லை. செத்த தோலை வெட்டி எடுத்து, கிருமிக்கு மாத்திரை கொடுத்தார்கள், ஆனால் பெரிய வேலை என்னவோ புண்மேல் உடல் பாரம் விழாமல் பார்ப்பதுதான், அதற்கென்று தனிக் காலணி.

அதில்தான் சண்டை. சாமி மேடை இருக்கும் வீட்டில் காலணியா என்கிறார்! கடைசியில் மிஸ்ஸிதான் (நர்ஸ்) வழி சொன்னார்: உள்ளே போட ஒரு ஜோடி, வெளியே ஒரு ஜோடி. சரி என்று முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

அப்புறம், உப்புப் போட்ட வெந்நீரில் காலை ஊறவைக்கச் சொன்ன அண்ணனுக்கு: வேண்டாம், சூடு தெரியாத கால் வெந்துபோனாலும் தெரியாது. இப்போது அம்மா தினமும் ராத்திரி டார்ச் அடித்துப் பாதத்தையும் விரலிடுக்கையும் பார்க்கிறார். புண்ணுக்கு அடுத்த கட்டு மாற்றுவது வியாழக்கிழமை.